ரிப்போர்ட் அவருடையது, பழி என்னுடையது

கேள்வி:

எனக்கு வயது 33. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடமும் எனக்கு மட்டும்தான் வைத்தியம் நடந்தது. தைராய்டு டெஸ்ட், ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி எல்லாம் பார்த்தார்கள். கருமுட்டை வளர மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன். திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வந்து சாப்பிட்டேன். போகாத கோயில் இல்லை.

போன வருடம் ஈரோட்டில் வேறொரு டாக்டரிடம் போனோம். “முதல்ல உங்க வீட்டுக்காரர் டெஸ்ட் கொடுக்கட்டும்மா” என்றார் அவர். ரிப்போர்ட்டில் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது. என் கணவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இது யாருக்கும் தெரியக் கூடாது, எங்கம்மாவுக்குக்கூட” என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எந்த டாக்டரிடமும் வர மறுக்கிறார்.

சத்தியத்தை நான் காப்பாற்றுகிறேன். ஆனால் பேச்சு வாங்குவது நான். “வேற இடத்துல பொண்ணு எடுத்திருந்தா இந்நேரம் பேரன் பள்ளிக்கூடம் போயிருப்பான்” என்று மாமியார் என் காதுபடச் சொல்கிறார். அப்போது என் கணவர் அதே கூடத்தில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நாத்தனார் மகளின் வளைகாப்பில் வளையல் போடக் கையை நீட்டினேன். “நீ கொஞ்சம் பின்னாடி நில்லு கண்ணு” என்று ஒரு பெரியம்மா சொல்லிவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

என்னைப் போல இருப்பவர்களிடம் ஒரு முறையாவது மனம்விட்டுப் பேச வேண்டும் போலிருக்கிறது. அவர்களை எங்கே தேடுவது? எங்கள் ஊர் மகளிர் குழுவில் நான் உறுப்பினர். கணவனுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்ற சாதாரண விஷயம்கூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதைப் பேச வேண்டும் என்று துடிக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் என் கணவரின் ரகசியம் வெளியே வந்துவிடுமே? அவர்மேல் எனக்கு வரும் கோபம் தப்பா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (குழந்தையின்மைச் சிகிச்சை பெறுபவர்களுக்கான மனநல ஆலோசகர்):

அன்புத் தோழிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கோபம் தப்பில்லை. விந்துப் பரிசோதனைக்குக் கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், பெரிய செலவும் இல்லை. தம்பதி முதல் முறை டாக்டரிடம் போகும்போதே அதை எடுத்துவிடலாம். அதை எடுக்காமலே உங்களுக்கு லேப்ராஸ்கோப்பி வரை போயிருக்கிறார்கள். இதற்கு உங்கள் கணவர் மட்டும் காரணமல்ல. குழந்தை இல்லை என்றதும் மருமகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது நம் வீடுகளின் வழக்கம். கூட வராத கணவனைப் பற்றிக் கேட்காமலே சிகிச்சையைத் தொடங்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். நான்கு வருடம் வீணானது குறித்து உங்களுக்குக் கோபம் வராமலிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று ரகசியம், மற்றொன்று பழி. ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பது உங்கள் இருவரின் ரகசியம். அதைக் காக்க உங்கள் கணவருக்கு உரிமை உண்டு. அந்த ரகசியத்தைக் காப்பதற்காக ஊர்ப் பழியை நீங்கள் சுமக்க வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. சத்தியம் வாங்கியபோது இரண்டையும் சேர்த்தே உங்கள் தலையில் ஏற்றிவிட்டார், பெரும்பாலும் தெரியாமலேயே. ரகசியத்தை அப்படியே வைத்துக்கொண்டு பழியை மட்டும் இறக்கிவைக்க முடியும். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் என் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

முதல் துணை கணவர்தான்

உங்களைப் போன்றவர்களைத் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரும் இதே துக்கத்தில்தான் இருக்கிறார். உங்களுக்குக் குறைந்தது துடிக்கவாவது தெரிகிறது. அவருக்கு அதுவும் தெரியவில்லை.

அந்த ரிப்போர்ட்டை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர்ச் சுவர்களிலும் பேருந்து நிலையங்களிலும் பல தலைமுறைகளாக ஒட்டப்பட்ட விளம்பரங்கள் விந்தணுக் குறைவையும் ஆண்மைக் குறைவையும் ஒன்றாகவே காட்டி வந்திருக்கின்றன. அவை இரண்டும் வேறு. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத, உடல் வலுவான ஆண்களுக்கும் விந்தில் அணு இல்லாமல் இருக்கலாம். மருத்துவத்தில் இதற்கு அஸூஸ்பெர்மியா என்று பெயர். ஆண்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது உண்டு. இதை அவரிடம் ஒரு டாக்டர் நேரடியாகச் சொல்ல வேண்டும். மனைவி சொன்னால் ஆறுதலாகத் தெரியும். டாக்டர் சொன்னால்தான் உண்மையாகத் தெரியும்.

அடுத்து, ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது. சில வாரம் கழித்து, இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு, நல்ல ஆய்வகத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதிலும் அணு இல்லையென்றால் காரணம் தேட வேண்டும். உற்பத்தி நன்றாக நடந்தும் வெளியே வரும் வழியில் அடைப்பு இருக்கலாம். விரைகளில் உற்பத்தியே குறைந்திருக்கலாம். மூளையிலிருந்து வர வேண்டிய ஹார்மோன் தூண்டுதல் போதாமலும் இருக்கலாம். இந்த மூன்றாவது வகையில் ஊசி மருந்திலேயே அணு உற்பத்தி தொடங்குவது உண்டு. விடலைப் பருவத்துக்குப் பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி விரைகளைப் பாதித்திருக்கலாம். உடற்பயிற்சிக் கூடங்களில் போடப்படும் டெஸ்டோஸ்டீரோன் ஊசியும் அணு உற்பத்தியை நிறுத்திவிடும். எது காரணம் என்பதை ஹார்மோன் ரத்தப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை, நேரடி உடல் பரிசோதனை ஆகியவை சொல்லும். இதற்குப் பார்க்க வேண்டியவர் ஆண்களின் குழந்தையின்மையில் பயிற்சியுள்ள சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட். மகளிர் மருத்துவரிடம் மட்டும் போய் இதற்குத் தீர்வு தேட முடியாது.

விந்தில் அணு இல்லாத ஆண்களில் ஒரு பகுதியினருக்கு விரையிலிருந்து சிறு அறுவை சிகிச்சை மூலம் அணுவை எடுக்க முடிகிறது. ஒரே ஒரு அணுவைக் கருமுட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்தும் இக்ஸி முறை பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உருவாகி 1992 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு இந்த ரிப்போர்ட்டோடு வந்த ஆண்களுக்குச் சொந்த அணுவில் குழந்தை என்பது ஏறக்குறைய முடியாத காரியம். இன்று பலருக்கு வழி இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அணு கிடைக்காமல் போகலாம். கிடைத்தும் கரு தங்காமல் போகலாம். அப்போது கொடையாளர் விந்தணு, தத்து, இருவராகவே வாழ்வது என்று வேறு பாதைகள் இருக்கின்றன. கொடையாளர் வழியில் பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க அந்தத் தம்பதியின் குழந்தை. 2021 இல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. இருவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இவற்றில் எதையும் இன்றே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்கு 33 வயது. 35 வயதுக்குப் பிறகு கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். அவருடைய கூச்சத்துக்குத் தேவைப்படும் காலத்தை உங்கள் உடம்பு தராது. இதை அவரிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள். சண்டை நடக்கும் இரவில் வேண்டாம். பட்டறைக்கு விடுமுறை விடும் நாளில், வீட்டை விட்டு வெளியே எங்காவது உட்கார்ந்து பேசுங்கள். “உங்களைக் குறை சொல்ல வரலைங்க. தனியா இதைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை” என்று தொடங்குங்கள். அதற்கு மேல் அவர் பேசட்டும்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டும்

மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. உங்கள் கணவர்தான். ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். “அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்துதான் வைத்தியம் நடக்குது. இனிமே இதைப் பத்தி அவகிட்ட எதுவும் கேக்காதீங்க. கேக்கணும்னா என்னைக் கேளுங்க.” இவ்வளவு போதும். யாருக்கு என்ன குறை என்று இதில் இல்லை. பழி மட்டும் உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. நான் ஆலோசனை தரும் குடும்பங்களில் இந்த வாக்கியத்தைக் கணவன் ஒரு முறை உறுதியாகச் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு அன்றோடு அடங்கிவிடுவதைப் பார்க்கிறேன். அவர் இதையும் சொல்ல மறுத்தால், சத்தியம் ஒருபக்கமாகவே இருக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். அவர் பழியை நிறுத்தட்டும், நீங்கள் ரகசியத்தைக் காப்பீர்கள். இது மிரட்டல் அல்ல. இருவருக்கும் நியாயமான ஒப்பந்தம்.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை இல்லை என்பதைச் சொல்லிக் காட்டி அவமானப்படுத்துவதையும் கேலி செய்வதையும் மனரீதியான வன்முறை என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. முதல் திருமணம் சட்டப்படி செல்லுபடியாக இருக்கும்போது இரண்டாம் திருமணம் செய்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82 ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மாமியார்மேல் வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ‘வேறு பெண்’ என்ற பேச்சு அடுத்த முறை வரும்போது, நீங்கள் நிற்கும் தரை உறுதியானது என்று தெரிந்து நில்லுங்கள். பேச்சு எல்லை மீறினால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

வளைகாப்பு, காதுகுத்து, முதல் பிறந்தநாள் ஆகியவற்றுக்கெல்லாம் போயே ஆக வேண்டும் என்பதில்லை. போக மனமிருந்தால் போங்கள். இல்லையென்றால் ஒரு சேலையோ வெள்ளிக் கொலுசோ கொடுத்தனுப்பி, வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அதில் பொறாமை எதுவும் இல்லை. ஆறாத காயத்தில் கை படாமல் பார்த்துக்கொள்வதுதான். கர்ப்பிணியின் கையில் யார் வளையல் போட்டாலும் அவள் பிரசவத்துக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உங்களைப் பின்னால் நிற்கச் சொன்ன பெரியம்மாவுக்கு அன்று யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்களைப் போன்றவர்கள் எங்கே?

எங்கும் இருக்கிறார்கள். ஓராண்டு முறையான தாம்பத்தியத்துக்குப் பிறகும் கருத்தரிக்காத நிலையை உலக சுகாதார நிறுவனம் குழந்தையின்மை என்று வரையறுக்கிறது. 2023 ஏப்ரலில் அது வெளியிட்ட அறிக்கைப்படி, வயதுவந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் இதை எதிர்கொள்கிறார். பணக்கார நாடு, ஏழை நாடு என்று இதில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மகளிர் குழுவிலும், பள்ளி ஆசிரியர் அறையிலும், கணவரின் பட்டறைத் தெருவிலும் இதே கதையோடு யாராவது இருப்பார்கள். இரண்டாவது குழந்தைக்காக வருடக்கணக்கில் காத்திருந்து வெளியே சொல்லாதவர்களும் இதில் உண்டு.

எங்கே தொடங்குவது என்று சொல்கிறேன். சிகிச்சைக்குப் போகும் மையத்தில் ஆலோசகரைக் கேளுங்கள். சிகிச்சையின் சாதக பாதகம், செலவு, வெற்றி வாய்ப்பு எல்லாவற்றையும் பற்றித் தம்பதிக்கு ஆலோசனை தர வேண்டும் என்பது 2021 ஆம் ஆண்டுச் சட்டம் மையங்களுக்கு விதித்த கடமை. “எங்களைப் போன்ற வேறு யாராவது பேச விரும்பினால் எங்கள் எண்ணைக் கொடுங்கள்” என்று அவரிடம் சொல்லிவையுங்கள். இப்படிச் சொன்னால் யாருடைய ரகசியமும் உடையாது; பேச விரும்புபவர் தானாக அழைப்பார். காத்திருப்புக் கூடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்பதிலிருந்தும் நட்பு தொடங்கும். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பேச ஆள் தேவைப்படுகிறது.

எண்ணிக்கை சிறியதாக இருக்கட்டும். நான்கு பெண்கள் போதும். அமெரிக்காவில் இன்று நாடு முழுக்க இயங்கும் ‘ரிசால்வ்’ அமைப்பை 1974 இல் தொடங்கியவர் பார்பரா எக் மென்னிங் என்ற செவிலியர். குழந்தையின்மையைத் தானே அனுபவித்தவர். தன் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றிச் சில பெண்களை உட்கார வைத்துப் பேசியதுதான் அதன் தொடக்கம். அதே அமைப்பு 1989 இல் குழந்தையின்மை விழிப்புணர்வு வாரத்தைத் தொடங்கியது. முதலில் ஒருவருக்கொருவர் துணையானார்கள். ஊருக்குச் சொல்லும் தெம்பு பல வருடம் கழித்து வந்தது. உங்களுக்கும் இந்த வரிசையே நல்லது.

கூடும் நால்வரும் முதல் நாளே சில விதிகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேட்டது வெளியே போகாது. கணவரின் ரிப்போர்ட்டைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் யாரும் பேச வேண்டியதில்லை. தன் மனநிலையைப் பேசினால் போதும். மருந்து, டாக்டர் பரிந்துரை வேண்டாம். ஒருவருக்கு ஒத்துக்கொண்டது இன்னொருவருக்கு ஆகாது. ஒருவருக்குக் கரு தங்கிவிட்டால் அதை முதலில் தனியாக மற்றவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அன்று யாருக்காவது அழுகை வந்தால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடைசி விதி இல்லாத குழுக்கள்தான் சீக்கிரம் உடைகின்றன. வாட்ஸ்அப்பில் குழு வைத்தால், ‘நூறு சதவீத வெற்றி’ என்று விளம்பரத்தோடு உள்ளே வருபவரை அன்றே வெளியேற்றுங்கள். எந்த மையத்தாலும் அப்படி உறுதி தர முடியாது.

இதே பிரச்சினை இல்லாத ஒரு நல்ல தோழியும் உங்களுக்குத் தேவை. குழந்தையைப் பற்றிப் பேசாத பேச்சும் உங்கள் வாழ்க்கையில் இருக்க வேண்டும். குழந்தையின்மைச் சிகிச்சையில் இருக்கும் பெண்களின் பதற்றமும் மனச்சோர்வும் புற்றுநோய், இதய நோய் உள்ளவர்களின் அளவுக்கு இருப்பதாக ஆலிஸ் டோமர் என்ற உளவியலாளரின் குழு 1993 இலேயே காட்டியது. ஆகவே உங்கள் துக்கம் மிகையானது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவரும் பேசலாம். பெயர் தெரியாத ஒரு குரலிடம் முதல் முறை மனம் திறப்பது ஆண்களுக்கு எளிதாக இருக்கிறது.

குழுவில் எப்படிப் பேசுவது?

உங்கள் தயக்கம் சரியானது. சிறிய ஊரில், குழந்தை இல்லாத டீச்சர் எழுந்து “ஆண்களுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும்” என்று சொன்னால், அன்று சாயங்காலமே ஊர் கணக்குப் போட்டுவிடும். அதனால் முதல் கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டாம். பேச வைப்பவராக இருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரையோ கிராம சுகாதார செவிலியரையோ உங்கள் குழுவுக்கு அழையுங்கள். ‘பெண்கள் நலம், ஆண்கள் நலம்’ என்று பொதுவாகத் தலைப்பு வையுங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததை அவர் வெள்ளைக் கோட்டோடு சொல்லட்டும்.

என்ன சொல்ல வேண்டும் என்ற பட்டியலை மட்டும் நீங்கள் கொடுங்கள். ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களில் ஆணின் உடல்நிலைக்கும் பங்கு உண்டு. மாதவிடாய் ஒழுங்கில்லாத வளரிளம் பெண்ணை “கல்யாணமானா சரியாயிடும்” என்று விட்டுவிடக் கூடாது. அது நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். மாதவிடாயின்போது பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வலி இருந்தால், கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. நம் நாட்டில் பிறப்புறுப்புக் காசநோய் சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடுவதும் உண்டு. புகையிலை ஆண், பெண் இருவரின் கருவளத்தையும் கெடுக்கும். இவை எல்லாம் ஒரே கூட்டத்தில் வரும்போது, கணவனின் பரிசோதனை பத்தில் ஒன்றாக வரும். யாரும் உங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கேட்க வேண்டியவள் கேட்டுக்கொள்வாள்.

மகளிர் குழுவை நீங்கள் தேர்ந்தது பொருத்தமானது. தமிழ்நாட்டில் இந்த இயக்கம் 1989 இல் தருமபுரியில் தொடங்கியபோது நோக்கம் சேமிப்பும் கடனும். ஆனால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வீட்டுக்கு வெளியே பேசும் பழக்கத்தை அது கிராமங்களுக்குக் கொடுத்தது. இந்தியா 1952 இலேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக எடுத்துக்கொண்ட நாடு. அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் வரையாத சுகாதார நிலையச் சுவர் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் இரண்டுக்கும் குறைவு என்ற அளவுக்கு அந்தப் பிரச்சாரம் வென்றது. குழந்தை வேண்டாம் என்பவருக்கு வீடு தேடிச் சொன்னோம். வேண்டும் என்று ஏங்குபவருக்கு எந்தச் சுவரிலும் ஒரு வரி எழுதவில்லை. சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் அரசுச் செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்திருப்பது நல்ல தொடக்கம். ஒரு முறைச் சிகிச்சைக்கே லட்சத்தைத் தாண்டிச் செலவாகும் இந்தத் துறையில், இந்தத் தகவலே பலருக்குப் போய்ச் சேரவில்லை. அதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதை வழியாகவும் பேசலாம். உங்களுக்குப் பக்கத்து ஊரான திருச்செங்கோட்டைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ 2010 இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளியையும் பொன்னாவையும் ஊர்ப்பேச்சு எப்படி அரிக்கிறது என்பதே அந்த நாவலின் மையம். பள்ளி நூலகத்தில் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து அதைப் படித்துப் பேசினால், பொன்னாவைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டே தங்களைப் பற்றிப் பேசிவிடுவார்கள்.

உங்கள் சொந்தக் கதையைச் சொல்லும் நாள் பிறகு வரலாம், வராமலும் போகலாம். இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது 1978 அக்டோபர் 3 அன்று. அப்படி உருவான உலகின் முதல் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து எழுபது நாள்தான் ஆகியிருந்தது. கொல்கத்தாக் குழந்தையின் பெற்றோர் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அடையாளத்தை மறைத்தார்கள். டாக்டரின் கண்டுபிடிப்பை அரசுக் குழு நம்ப மறுத்தது. 1981 இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குழந்தையான கனுப்ரியா அகர்வால், தன் 25 வது பிறந்தநாளில்தான் ‘நான்தான் அந்தக் குழந்தை’ என்று பொதுமேடையில் சொன்னார். அவர் சொன்னது பெரிய விழிப்புணர்வு. அதுவரை அந்தக் குடும்பம் காத்த மௌனத்தையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. தன் கதையை எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அதை வாழ்ந்தவர்களுக்கே உண்டு. உங்கள் வீட்டில் அந்த உரிமை இருவருக்கும் சமம். உங்கள் கணவர் சம்மதித்தால் பேசுங்கள். இருவரும் சேர்ந்தே மேடையேறினால் இன்னும் நல்லது. ஒரு ஆண் எழுந்து “எனக்கும் டெஸ்ட் எடுத்தார்கள்” என்று சொல்வதற்கு நிகரான விழிப்புணர்வு வேறில்லை. அவர் சம்மதிக்காவிட்டாலும் மேலே சொன்ன அத்தனையையும் நீங்கள் செய்யலாம். சத்தியத்தில் ஒரு சொல்லும் மீறப்படாது.

ஆகவே, தோழி, இந்த மாதம் மூன்று காரியம் செய்யுங்கள். கணவரை ஆண்ட்ராலஜிஸ்டிடம் அழைத்துப் போங்கள். மாமியாரிடம் அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால் சொல்ல வையுங்கள். ஆலோசகரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து வாருங்கள். மகளிர் குழுக் கூட்டம் அடுத்த மாதம் நடக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருமணமான தம்பதியிடம் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள், நல்ல செய்தி இருந்தால் அவர்களே சொல்வார்கள். உங்கள் வீட்டு வளைகாப்பில் குழந்தை இல்லாத பெண்ணை முன்வரிசைக்கு அழைத்து அவள் கையால் வளையல் போடச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கோ தம்பிக்கோ திருமணமாகி ஓராண்டுக்கு மேல் குழந்தை இல்லாமல் இருந்தால், மருமகளை மட்டும் டாக்டரிடம் அனுப்பாதீர்கள். முதல் நாளே இருவரையும் சேர்த்து அனுப்புங்கள்.